டூம் ஸ்டே இரண்டு முறை உடைந்த வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருடம் ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு திங்கட்கிழமை, குட்டியானை லாரியில் ஏற்றி ஒரு பைக்கை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றை சிலிண்டர், 200 சிசி வகை, முழு ஃபேரிங் (முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் உறை) போட்டது. மீட்டரில் 41,300 கி.மீ. ஓடியிருந்தது. முன்பக்கத்தைத் தாங்கும் இரும்புக் கூடு, அதாவது டூம் ஸ்டே, முறிந்து, முன்பக்கம் மொத்தமும் இடது பக்கமாகத் தொங்கி, ஹெட்லைட் முன் மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே விழாமல் இருக்க ஃபேரிங்கை நைலான் கயிறு போட்டு ஹேண்டில்பாரோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

வண்டிக்காரத் தம்பி மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வீடு பொள்ளாச்சி. வாரம் இரண்டு நாள் வால்பாறை போயாக வேண்டும். ஆழியாறு தாண்டி ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு மனப்பாடம். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கியிருக்கிறது. படாரென்று ஒரு சத்தம். வெளிச்சம் ரோட்டை விட்டுச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்துவிட்டது. கயிறு வாங்கிக் கட்டி, மீதி வளைவுகளையும் ஓட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்.

"அண்ணா, வெல்டிங் வெச்ச இடத்துலயே மறுபடி உடைஞ்சு போச்சுங்க" என்றார்.

நான் முதலில் செய்தது அந்தக் கயிற்றை அறுத்ததுதான். ஃபேரிங் சேஸிஸோடு நிற்கிற பொருள். ஹேண்டில் திரும்புகிற பொருள். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் வளைவில் ஹேண்டில் பாதியிலேயே நின்றுவிடும். மலை இறக்கத்தில் அப்படி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதைத்தது. வழியில் உடைந்தால் சேஸிஸ் குழாயோடு கட்டுங்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கோடும் ஹேண்டிலோடும் கட்டவே கட்டாதீர்கள். கட்டியபின் வண்டியை நிறுத்தியபடியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எங்காவது தட்டினால் ஓட்ட வேண்டாம், வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

இந்த வேலை எனக்குப் புதிது இல்லை. மழைக்காலத்தில் மாதம் இரண்டு மூன்று வரும். வருகிறவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: பத்தவைக்கலாமா, புதுசு போடணுமா? அது இரண்டாவது கேள்வி. ஏன் உடைந்தது என்பது முதல் கேள்வி. இந்த வண்டியில் அந்த முதல் கேள்விக்கு விடை முழுதாகக் கிடைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கிடைத்த விடை, என் பட்டறை வழக்கத்தையே கொஞ்சம் மாற்றியது. அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஸ்டே என்கிற எலும்பு

சாதாரண வண்டியில் ஹெட்லைட் ஃபோர்க்கில் உட்கார்ந்திருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் வெளிச்சமும் திரும்பும். முழு ஃபேரிங் வண்டியில் அப்படி இல்லை. யமஹா ஆர்15 2008-இல் வந்த பிறகு நம் ஊர்ப் பக்கம் இந்த வகை வண்டிகள் பெருகின. இவற்றில் ஹெட்லைட், மீட்டர், கண்ணாடி, முன் கிளாஸ், பக்கப் பேனல்களின் மேல்பாதி எல்லாமே ஒரே ஒரு இரும்புக் கூட்டின் மேல் நிற்கின்றன. கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) உட்காரும் சேஸிஸ் தலையில் இரண்டு அல்லது மூன்று போல்ட்டில் அந்தக் கூடு மாட்டப்பட்டு, முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பெனிக்காரர்கள் இதை ஸ்டே என்பார்கள். கடையில் 'டூம் பிராக்கெட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். 'ஃபேரிங் பிராக்கெட்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் பேரிங் கடைக்கு வழி காட்டிவிடுகிறார்கள். அதனால் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இதன் கஷ்டம். சுவரில் ஒரு முனை மட்டும் பதித்த அலமாரி மாதிரி. நுனியில் எவ்வளவு எடை ஏறுகிறதோ, அடியில் அவ்வளவு இழுப்பு. போதாததற்கு என்ஜின் அதிர்வு வேறு. 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு நொடிக்கு 100 தடவை சுற்றுகிறது. ஒற்றை சிலிண்டரில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருந்தாலும் அதிர்வு முழுதாகப் போவதில்லை. அதே வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டினால் 10 லட்சம் குலுக்கல் தாண்டிவிடும். கம்பெனியில் வடிவமைக்கும்போது இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு, எல்லா போல்ட்டும் அதனதன் இடத்தில் இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. இந்த வண்டியில் உடைந்து போனது அந்த நம்பிக்கைதான்.

பிரித்தபோது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்கினோம். ஃபேரிங் பிரிக்கும்போது போல்ட்டுகளை ஒரு டப்பாவில் கொட்டுவது பெரிய தப்பு. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேறாக இருக்கும். ஓர் அட்டைப்பெட்டியில் பேனலின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வைப்பது என் பழக்கம். அன்று அந்த அட்டைதான் எனக்கு முதல் துப்பு கொடுத்தது. வலது பக்கம் ஏழு போல்ட் குத்தியிருந்தேன். இடது பக்கம் ஆறுதான்.

அதை மனதில் குறித்துக்கொண்டு மேலே போனேன். இடது பேனலின் உள்பக்கம், போல்ட் மாட்டும் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் உடைந்திருந்தன. ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் கட்டின் மேல் டேப் உருகி, அதில் வெல்டிங் பொறி தெறித்த கரும்புள்ளிகள். ஆக, முதல் முறை விரிசல் விட்டபோது ஸ்டேயைக் கழற்றாமல், வண்டியிலேயே வைத்து ஆர்க் வெல்டிங் அடித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினார்களா என்று கேட்டேன். "இல்லைங்கண்ணா, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க" என்றார். வெல்டிங் கரண்ட் பாய்ந்தும் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். அந்த ஒரு பெட்டி போயிருந்தால் ஸ்டேயின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகியிருக்கும்.

ஸ்டேயில் இரண்டு பனிவிளக்குகள் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தன. வால்பாறை மூடுபனிக்கு அது தேவைதான், ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். கிளாம்போடு சேர்த்துத் தராசில் வைத்தேன். 900 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் ஸ்டேயின் நுனியில், எங்கே வைத்தால் இழுப்பு அதிகமோ அங்கே.

முறிந்த முகம்

ஸ்டேயைக் கையில் எடுத்ததும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னது போல வெல்டிங் வைத்த இடத்தில் உடையவில்லை. வெல்டிங் மேடு அப்படியே முழுசாக இருந்தது. அதன் ஓரத்தை ஒட்டி, குழாய் புதிதாக முறிந்திருந்தது. சேஸிஸில் மாட்டும் தகட்டிலிருந்து 60 மி.மீ. தூரத்தில், குறுக்குக் குழாய் வந்து சேரும் இடம் அது.

முறிந்த முகத்தைப் பார்க்க ஒரு சாதாரண பூதக்கண்ணாடி போதும். பெட்ரோலில் நனைத்த பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டிவிட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் சாட்சி அழிந்துவிடும். இந்தக் குழாயின் வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழவழப்பாக, பழுப்பேறிய துருவோடு இருந்தது. மிச்சம் ஒரு பங்கு மட்டும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று, சொரசொரப்பாக. வழவழப்பான பகுதியில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போகிற கோடுகளைப் போல மெல்லிய வளைகோடுகள். அவை எல்லாம் வெல்டிங் ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளத்திலிருந்து கிளம்பியிருந்தன.

இதன் அர்த்தம், குழி உடைத்தது கடைசி ஒரு பங்கை மட்டும்தான். மற்ற இரண்டு பங்கும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மழைநீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு விரிந்திருக்கிறது. ஆர்க் வெல்டிங்கில் கரண்ட் கூடிப்போனால் ஓரத்தில் குழாய் அரிபட்டுப் பள்ளம் விழும். 1.6 மி.மீ. தடிப்புள்ள குழாயில் அரை மி.மீ. பள்ளம் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போதாததற்கு மேடு மேடாகக் குவித்த வெல்டிங் கெட்டியாக நிற்கும், பக்கத்துக் குழாய் வளையப் பார்க்கும். இழுப்பு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் வந்து சேரும். பலமாக வைக்கிறோம் என்று நினைத்து வெல்டிங்கைக் குவிக்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த எல்லைக்கோட்டைத்தான்.

இரண்டாவது முறை உடைந்ததற்குக் காரணம் தெரிந்தது. முதல் முறை ஏன் விரிசல் விட்டது? பனிவிளக்கு மட்டும்தான் காரணமா? எனக்கு முழுத் திருப்தி இல்லை. இதே மாடலில் இதைவிடக் கனமான விளக்கு மாட்டிய வண்டி ஒன்று என்னிடம் வருகிறது. அதன் ஸ்டேயில் ஒன்றுமில்லை.

மிஞ்சின போல்ட்

அட்டையில் குறைந்த அந்த ஏழாவது போல்ட்டுக்கு வருகிறேன். இடது பேனலின் அடிப்பகுதி, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் சேஸிஸ் காதில் ஒரு 6 மி.மீ. போல்ட்டில் மாட்ட வேண்டும். அங்கே போல்ட் இல்லை, கிராமெட் என்கிற ரப்பர் வளையம் இல்லை, அதற்குள் இருக்கும் உலோகக் காலர் இல்லை. சேஸிஸ் காதின் மரைக்குள் மண் கல்லாக இறுகியிருந்தது. நேற்று இன்று விழுந்த போல்ட் இல்லை, பல மாதமாகவே அது அங்கே கிடையாது.

"தம்பி, இந்த வண்டி எப்பவாவது இடது பக்கம் விழுந்துச்சா?"

யோசித்துவிட்டுச் சொன்னார். பிப்ரவரி வாக்கில் ஒரு தோட்டத்துச் சாலையில் சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியபோது, ஸ்டாண்ட் ஈரமண்ணில் இறங்கி வண்டி சாய்ந்திருக்கிறது. ஓடும்போது விழவில்லை. கண்ணாடி மட்டும் தரையில் மோதியது. ஒரு பட்டறையில் கொடுத்துச் சரி செய்திருக்கிறார். அப்புறம், நான் கேட்காமலே, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு போல்ட், ஒரு காலர், ஒரு கிராமெட்.

"மிஞ்சினதுன்னு கையில குடுத்தாங்கண்ணா. தூக்கிப் போட மனசில்லாம வெச்சிருந்தேன்."

அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் கதை முழுவதும் கோர்வையாகிவிட்டது. இந்த வகை வண்டியில் கண்ணாடி, ஃபேரிங் வழியாக ஊடுருவி நேராக ஸ்டேயின் காதில் மாட்டியிருக்கும். வண்டி சாய்ந்தால் முழு எடையும் கண்ணாடித் தண்டின் வழியாக ஸ்டேயில்தான் விழும். அன்றே ஸ்டே வளைந்திருக்கிறது. பிறகு அதைக் கழற்றி, நெம்பி நிமிர்த்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் நேராக இல்லை. அதனால் பேனலைத் திரும்ப மாட்டும்போது கீழ் ஓட்டை சேஸிஸ் காதோடு பொருந்தவில்லை. பொருந்தாத போல்ட்டை விட்டுவிட்டார்கள். அதுவரை மேலும் கீழும் பகிர்ந்து நின்ற பேனலின் எடை முழுவதும், காற்று அடிக்கிற அடியோடு சேர்த்து, அன்றிலிருந்து ஸ்டேயில் தொங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் பனிவிளக்கு ஏறியது. எட்டு மாதம் தாங்கியதே பெரிது.

அந்தப் பட்டறைக்காரரைத் திட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரே நாளில் வண்டியைக் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒரு போல்ட் பொருந்தவில்லை என்றால் அது வண்டி நம்மிடம் சொல்கிற தகவல். அந்த இடத்திலேயே நின்று ஏன் என்று பார்த்திருக்க வேண்டும்.

ஊகம் சரிதானா என்று பார்க்க, உடைந்த ஸ்டேயை முகத்தோடு முகம் பொருத்திக் கம்பி கட்டி வண்டியில் மாட்டினேன். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டில் வண்டியை நேராக நிறுத்தி, கொத்தனார் தூக்குக்குண்டை ஸ்டேயின் நடுப்புள்ளியிலிருந்து தொங்கவிட்டேன். குண்டின் முனை முன் டயரின் நடுக்கோட்டிலிருந்து 11 மி.மீ. இடப்பக்கம் தள்ளி நின்றது. பேனலை வைத்துப் பார்த்தால் கீழ் ஓட்டை 8 மி.மீ. விலகல். சேஸிஸ் தலையில் இருக்கும் போல்ட் காதுகள், ஃபோர்க், கோன் செட் எல்லாம் பார்த்துவிட்டேன். அவற்றில் குறை இல்லை. கோணல் ஸ்டேயில் மட்டும்தான்.

பற்றவைப்பதா, மாற்றுவதா

மாற்றுவதுதான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். புது ஸ்டே வரியோடு 2,150 ரூபாய். ஆனால் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பழசு வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. பழைய டூம் ஸ்டே எந்த வண்டியிலிருந்து வருகிறது? பெரும்பாலும் முன்னால் மோதிய வண்டியிலிருந்துதான். டேங்க், சீட், ஸ்விங் ஆர்ம் இதெல்லாம் பழசு வாங்கலாம். மோதலை முதலில் வாங்கும் பொருளைப் பழசாக வாங்கும்போது அதன் வரலாறும் சேர்ந்து வருகிறது.

தம்பிக்கு மூன்று வாரம் வண்டி இல்லாமல் பிழைப்பு நடக்காது. ஆகவே, இருக்கிற ஸ்டேயை முறைப்படி சரிசெய்து தருவது, பனிவிளக்கு இல்லாமல், இரவில் மலை ஏறாமல் ஓட்டுவது, புதுசு வந்ததும் மாற்றுவது என்று பேசிக்கொண்டோம்.

இது எஃகுக் குழாய் என்பதால்தான் இந்த வழி திறந்திருந்தது. முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், சில பெரிய வண்டிகளில் மக்னீசியமாகவும் இருக்கலாம். பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியம் என்று தெரிந்தால் கிரைண்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் பட்டால் இன்னும் மூர்க்கமாக எரியும். அலுமினியத்தை ஆர்கான் வாயு வெல்டிங்கில் பற்றவைக்கலாம். ஆனால் 6061 டி6 போன்ற பதப்படுத்திய அலுமினியத்தில், சூடு பட்ட பகுதி ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். வார்ப்பு அலுமினியம் என்றால் நுண்துளைகளில் ஏறிய எண்ணெயும் அழுக்கும் வெல்டிங்கில் கொதித்து ஓட்டையாகும். இன்னொன்று, எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை தடவை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்ன ஆட்டமும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இதே கேள்வி அலுமினிய ஸ்டேயோடு வந்திருந்தால், தற்காலிகமாகக்கூட ஓட்டச் சொல்லியிருக்க மாட்டேன்.

பலகையில் எடுத்த அச்சு

எந்த அளவுக்கு நிமிர்த்துவது? வளைந்த பொருளைப் பார்த்து நேரான பொருளைச் செய்ய முடியாது. இதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு வாடிக்கையாளரிடம் வண்டியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். அவர் மறுக்காமல் கொடுத்தார், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அவருடைய ஸ்டேயைக் கழற்றி, 18 மி.மீ. பிளைவுட் பலகையில் வைத்து, அதன் ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராக ஒரு போல்ட்டை நட்டு, உயரத்துக்கு ஏற்ப வாஷர் அடுக்கினோம். ஒரு மணி நேரத்தில் அச்சு தயார். இன்றும் அந்தப் பலகை என் சுவரில்தான் தொங்குகிறது. அதற்குப் பிறகு நான்கு ஸ்டேக்களுக்கு உதவியிருக்கிறது.

பழைய வெல்டிங் மேட்டை அரைத்து எடுத்தோம். அரிபட்ட பகுதியைக் கொஞ்சமும் விட்டுவைக்காமல், நல்ல குழாய் தெரியும் வரை வெட்டினோம். குழாயின் வெளிவிட்டம் 16 மி.மீ., உள்விட்டம் 12.8. நாலு நூல் குழாய், அதாவது 12.7 மி.மீ., உள்ளே கச்சிதமாக இறங்கியது. 70 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு, முறிவுக்கு இரண்டு பக்கமும் 35 மி.மீ. வருகிற மாதிரி. அதன் முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினேன். நேராக வெட்டினால் உள்குழாய் முடியும் இடத்தில் இன்னொரு எல்லைக்கோடு உண்டாகும், அடுத்த விரிசல் அங்கே ஆரம்பிக்கும். சாய்வாக இருந்தால் இழுப்பு பரவிப் போகும். வெளிக்குழாயில் இரண்டு பக்கமும் முன்பின்னாக 6 மி.மீ. ஓட்டை இரண்டிரண்டு போட்டு, அதன் வழியாகவும் உள்குழாயைப் பிடிக்கவைத்தோம்.

துத்தநாகப் பூச்சு இருந்த இடத்தையெல்லாம் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சுத்தமாக உரித்தோம். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சல் வரும். வெல்டிங்கும் நிற்காது. பிறகு ஸ்டேயை அச்சுப் பலகையில் எல்லா போல்ட்டிலும் மாட்டி, ஆர்கான் வெல்டிங்கில் முதலில் நான்கு புள்ளி மட்டும் வைத்து, கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்து, பொருந்தியபின்தான் முழுச் சுற்றும். ஒரே பக்கம் தொடர்ந்து அடித்தால் குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால் எதிரெதிராக மாற்றி மாற்றி. தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட்டோம்.

மாட்டியதும் தூக்குக்குண்டு 2 மி.மீ. விலகலில் நின்றது. பொட்டலத்தில் இருந்த அந்த ஏழாவது போல்ட் கையாலேயே முழு மரையும் ஏறியது. தம்பி அதைத் தானே போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிப் போட்டார்.

பிளாஸ்டிக் காதுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேனலின் உள்பக்கம் அச்சு இருக்கும், அதில் ஏபிஎஸ் என்று இருந்தால் அசிட்டோனில் கரையும் பிளாஸ்டிக் (பிரேக்கில் சொல்லும் ஏபிஎஸ் வேறு). அதே வகைத் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, உடைந்த காதில் தடவி ஒட்டினோம். உள்பக்கம் துருப்பிடிக்காத கம்பிவலைத் துண்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் பதித்தோம். பிபி (பாலிபுரொப்பிலீன்) என்று இருந்தால் அசிட்டோன் வேலை செய்யாது, அதே பிபி குச்சியை வைத்துச் சூட்டில்தான் ஒட்ட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். கிராமெட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன உலோகக் காலர் தொலைந்தால் போல்ட்டை இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கி, பிளாஸ்டிக் நேரடியாக அழுத்தம் வாங்கிப் பிளக்கும். வலது பக்கம் சைக்கிள் ட்யூப் வெட்டிப் போட்டிருந்த இடத்தில் அப்படி ஒரு பிளவு ஆரம்பித்திருந்தது. அதற்கும் புது கிராமெட், புது காலர் போட்டோம். இன்னொன்று, போல்ட் கழலாமல் இருக்கத் தடவும் மரைப்பசை பிளாஸ்டிக்கில் படக்கூடாது. பட்டால் சில நாளில் நுண்விரிசல் விடும். சேஸிஸ் தலையில் ஸ்டேயைப் பிடிக்கும் 8 மி.மீ. போல்ட்டுகளுக்கு நீல நிறப் பசை போட்டு 22 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன். உங்கள் வண்டிக்கு அதன் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுதான் கணக்கு. பேனல் போல்ட்டுகளுக்குப் பசையே வேண்டாம்.

சிவப்பு மை காட்டியது

மூன்று வாரம் கழித்துப் புது ஸ்டே வந்தது. அதற்குள் தம்பி 1,100 கி.மீ. ஓட்டியிருந்தார். ஆட்டமில்லை, சத்தமில்லை. "நல்லாத்தான் இருக்குது, இப்படியே இருக்கட்டுமாங்கண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது. என் வெல்டிங் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

கழற்றிச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கும் நண்பரிடம் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே மூன்று டப்பா வாங்கி வந்தேன். வார்ப்புகளில் விரிசல் தேட அவர்கள் தினமும் பயன்படுத்துவது. முதல் டப்பாவால் துடைத்து, இரண்டாவதில் உள்ள சிவப்பு மையை அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மூன்றாவது டப்பாவின் வெள்ளைப் பூச்சை அடித்தால், விரிசலுக்குள் போன சிவப்பு வெள்ளையில் கசிந்து கோடாகத் தெரியும். பெயின்ட் இருந்தால் மை உள்ளே போகாது. அதனால் இந்த முறை ஸ்டே முழுவதையும் உரித்தேன்.

நான் போட்ட வெல்டிங்கில் ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது. ஆனால் இடது கண்ணாடிக் காதின் அடியில், வளைவு தொடங்கும் இடத்தில், 9 மி.மீ. நீளத்துக்குத் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு.

அந்த இடத்தை நான் முதல் நாள் பார்க்கவில்லை. பெயின்ட் நன்றாக இருந்தது, அதனால் இரும்பும் நன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. வண்டி சாய்ந்தபோது அடி முதலில் விழுந்த இடமே அந்தக் காதுதான். ஒரு முறை வளைந்து, திரும்ப நெம்பி நிமிர்த்தப்பட்டதும் அதுவேதான். உடைந்த இடத்தில் என் கண் முழுவதும் இருந்ததால், அடிபட்ட இடத்தை மறந்துவிட்டேன். தம்பியிடம் அந்தக் கோட்டைக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னேன். புது ஸ்டே வேண்டுமா என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் பிறகு என் பட்டறையில் ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. விழுந்த வண்டியின் ஸ்டே எதுவாக இருந்தாலும், விரிசல் ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரிந்தாலும், முழுவதும் பெயின்ட் உரித்து மை அடிக்காமல் பற்றவைப்பதில்லை. நேரம் ஆகும் என்று சொன்னால் சிலர் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள். போகட்டும். ஹெட்லைட் தாங்குகிற இரும்பு அது.

புது ஸ்டே ஏறியதும் தூக்குக்குண்டு டயரின் நடுக்கோட்டிலேயே நின்றது. பதினான்கு பேனல் போல்ட்டும் கையால் ஏறின. பனிவிளக்குகளைக் கீழே, சேஸிஸில் போல்ட் ஆகும் கிராஷ் கார்டுக்கு மாற்றினோம். மூடுபனிக்கு விளக்கு தாழ்வாக இருப்பதே நல்லது. மேலே இருந்து அடித்தால் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். பழைய ஸ்டேயை இரண்டாக வெட்டித்தான் பழைய இரும்புக்குப் போட்டேன், யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாது என்று.

கடைசியாக வெளிச்சம். தம்பியை வண்டியில் உட்காரவைத்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டு, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே விழும்படி திருகினேன். அந்தக் கரிக்கோட்டை நான் அழிக்கவில்லை. வண்டி இப்போது 49,000 தாண்டிவிட்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அதே இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டுப் பார்க்கிறோம். போன மாதம் பார்த்தபோதும் வெளிச்சம் கோட்டுக்கு ஐந்து செ.மீ. கீழேதான் விழுந்தது.